போர்டு போகவில்லை, முதலில் செல்லைப் பாருங்கள்

தூத்துக்குடியில் துறைமுகத்தை நம்பி நடக்கும் சரக்கு கிளியரிங் அலுவலகங்களிலும், ஜெராக்ஸ் கடைகளிலும், உப்பு கம்பெனி கணக்கு அறைகளிலும் அடிக்கடி தலைகாட்டும் கோளாறு இது. காலையில் சிஸ்டத்தை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'எஃப்1 அழுத்தவும்' என்று நிற்கும். தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும். பாதுகாப்பான இணையதளங்கள் 'சான்றிதழ் செல்லாது' என்று சொல்லித் திறக்க மறுக்கும். சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஆவணம் ஏற்ற டிஜிட்டல் கையெழுத்துப் போடப் போனால் அங்கேயும் தேதி காலை வாரும். கணினியின் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் பயாஸுக்குள் போய் எல்லாவற்றையும் சரிசெய்து சேமித்து வைப்பார்கள். மறுநாள் காலை பழைய கதைதான்.

சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் சில இடங்களில் கிடைக்கும் பதில்: "போர்டு போயிட்டு அண்ணாச்சி, புதுசுதான் போடணும்."

புது மதர்போர்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். இந்தக் கோளாறுக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் வட்டச் செல்லின் விலை சில பத்து ரூபாய். அதனால் போர்டு மாற்றச் சம்மதிக்கும் முன் சில சோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். அப்படிக் கேட்கும் உரிமையைச் சட்டமும் உங்களுக்குத் தந்திருக்கிறது.

செல் செய்யும் வேலை

1984-இல் வந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி. கணினியில் கடிகாரமும் சிறு நினைவகமும் ஒரே சிப்பில் இருந்தன. மின்சாரம் இல்லாதபோது பேட்டரிதான் அதை உயிரோடு வைத்திருந்தது. அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. போர்டில் செருகியிருக்கும் சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் லித்தியம் செல் கடிகாரத்தை ஓட்டுகிறது. புதிய போர்டுகளில் செட்டிங்குகள் மின்சாரமே தேவைப்படாத ஃபிளாஷ் சிப்பில் பதிவாகின்றன. ஆனாலும் செல் செத்துவிட்டது தெரிந்ததும் பல போர்டுகள் தாமாகவே தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். அதனால் பழைய போர்டானாலும் புதியதானாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்.

சுவர் சுவிட்ச் போட்டிருக்கும் வரை செல்லுக்கு வேலை குறைவு. கணினி அணைந்திருந்தாலும் பவர் சப்ளையிலிருந்து சிறிதளவு மின்சாரம் போர்டுக்கு வந்துகொண்டே இருக்கும். கடையைப் பூட்டும்போது மெயினை அணைக்கிற பழக்கம் நல்லதுதான். ஆனால் இரவு முழுதும் பாரம் செல்லின் மேல் விழும், அது சீக்கிரம் தீரும்.

உப்புக்காற்றும் வெள்ளமும்

கடலும் உப்பளமும் சூழ்ந்த ஊரில் செல்லைத் தாங்கும் உலோக நாக்கும் அரிக்கப்படும். காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ள, நாக்கின் மேல் வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு பொருக்கு படியும். அதன் மேல் எத்தனை புதுச் செல் வைத்தாலும் தொடர்பு கிடைக்காது. 'செல் மாத்தியும் சரியாகலை, அப்போ போர்டுதான்' என்று முடிவுகட்டுவது இங்கேதான் தவறிப்போகிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த மென்மையான பிரஷ்ஷால் நாக்கைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அதை லேசாக நிமிர்த்திவிட்டால் பல போர்டுகள் பிழைத்துக்கொள்ளும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. மாவட்டம் முழுக்க வீடுகளும் கடைகளும் நீரில் நின்றன. அப்படி நனைந்த சிஸ்டத்தை 'ஓடுதான்னு பாப்போம்' என்று ஆன் செய்யவே கூடாது. பிளக்கைப் பிடுங்கியதும் செய்ய வேண்டிய அடுத்த வேலை வட்டச் செல்லைக் கழற்றுவது. கரண்ட் இல்லாவிட்டாலும் அந்த 3 வோல்ட் ஈரப் பலகையில் ஓடிக்கொண்டேயிருந்து செப்புக் கம்பிகளை அரித்துவிடும்.

நீங்களே செய்து பார்க்கலாம்

பயாஸில் ஏதாவது ஒரு சிறிய மாற்றம் செய்து எஃப்10 அழுத்தி, சேமிக்கவா என்று கேட்டதும் 'ஆம்' கொடுங்கள். 'மாற்றங்களைக் கைவிட்டு வெளியேறு' என்ற வரியைத் தெரியாமல் தட்டிவிட்டு அலைகிறவர்களும் உண்டு.

இப்போது சுவர் சுவிட்சைத் தொடாமல் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அதன் பிறகு கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சிறிது நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ரீஸ்டார்ட்டில் நிலைத்த செட்டிங் பிளக்கைப் பிடுங்கியதும் அழிந்தால் குற்றவாளி செல் அல்லது அதன் தொடர்பு. வெறும் ரீஸ்டார்ட்டிலேயே அழிந்தால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

செல் மாற்றுவது எளிது. பிளக்கைப் பிடுங்கிய பின் பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, செல்லின் ஓரத்திலுள்ள கொக்கியைத் தள்ளினால் செல் தானாக எழும்பும். மல்டிமீட்டரில் புதுச் செல் 3 வோல்ட்டோ சற்று அதிகமாகவோ காட்டும்; 2.8-க்குக் கீழே வந்துவிட்டதைத் திரும்பப் போடாதீர்கள். கூட்டல் குறி மேலே தெரியும்படி புதியதைச் செருகுங்கள். உதிரியாக விற்பதை விட்டு, சீல் உடையாத அட்டையில் வருவதையே வாங்குங்கள். லேப்டாப்பில் செல் கம்பியோடு உள்ளே ஒட்டியிருக்கும் என்பதால் அதைத் தெரிந்தவர் கையில் கொடுப்பதே நல்லது.

செல் காரணமில்லை என்றால்

செட்டிங்கை அழிப்பதற்கென்று போர்டில் ஒரு ஜம்பர் உண்டு. யாராவது அதை 'அழி' நிலையிலேயே விட்டிருந்தால் எதுவும் நிலைக்காது. நிர்வாகி கடவுச்சொல் பூட்டியிருந்தாலும் மாற்ற முடியாது. சில நேரம் தொழிற்சாலை அமைப்பை ஒருமுறை ஏற்றிச் சேமித்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக மாற்றினால் சிக்கல் அவிழும்.

மென்பொருளாலும் இது நேரலாம். 2017-இல் வெளியான உபுண்டு 17.10 இயங்குதளத்தில் இருந்த ஒரு டிரைவர் பிழை, லெனோவோ உள்ளிட்ட சில நிறுவனங்களின் லேப்டாப்புகளில் பயாஸ் சிப்பை எழுத முடியாதபடி பூட்டிவிட்டது. எதைச் சேமித்தாலும் நிற்கவில்லை. அந்த டிசம்பரில் பதிவிறக்கத்தை நிறுத்தி, 2018 ஜனவரியில் திருத்திய பதிப்பை வெளியிட்டார்கள். பயனாளர்கள் பலர் போர்டு கெட்டுவிட்டதென்றே நினைத்திருந்த அந்தக் கோளாறுக்கு மருந்து மென்பொருளிலேயே இருந்தது.

உண்மையிலேயே ஃபிளாஷ் சிப் பழுதாகியிருந்தால்கூட, சிப்பை மட்டும் மாற்றி எழுதித் தரும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். போர்டு மாற்றுவது கடைசி வழி.

தரவைப் பறிகொடுக்காதீர்கள்

செல்லைக் கழற்றும் முன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வையுங்கள். செட்டிங் அழிந்ததும் டிஸ்க் இணைப்பு முறையோ பூட் முறையோ மாறி, 'பூட் சாதனம் இல்லை' என்று வரும். ஹார்டு டிஸ்க் அங்கேயே நலமாக இருக்கும். பழைய முறைக்கு மாற்றினால் போதும். இதைக் காட்டியே 'டிஸ்க்கும் போச்சு' என்று இன்னொரு பில் போட இடமுண்டு.

விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால், பயாஸ் மாறியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது கையில் இல்லையென்றால் தரவு போனதுதான். முதலில் சாவியைக் குறித்துக்கொண்டு பிறகு வேலையைத் தொடங்குங்கள். பயாஸ் அப்டேட் செய்வதானால் உங்கள் மாடலுக்கு உரிய கோப்பைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். யு.பி.எஸ். இல்லாமல் தொடவே வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் நல்ல போர்டும் செத்துவிடும்.

வீட்டில் குழந்தை இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. 20 மில்லிமீட்டர் அகலமுள்ள இந்தச் செல் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே கடும் புண் உண்டாக்கும். வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பழைய செல்லின் இரு பக்கமும் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். 2022-இன் பேட்டரி கழிவு விதிகள் இத்தகைய சிறு செல்களுக்கும் பொருந்தும்.

கடையில் உங்கள் உரிமை

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளுக்கோ சேவைக்கோ பில் தர மறுப்பதையே முறையற்ற வணிகம் என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அதே குற்றம். பில்லில் காலம் சொல்லாவிட்டால் 30 நாள் கணக்கு. நம்பிக் கொடுத்த தனிப்பட்ட விவரங்களை, சட்டம் அனுமதிக்காத விதத்தில், வெளியே விடுவதும் அந்தப் பட்டியலில் வரும்.

ஆகவே சிஸ்டத்தை ஒப்படைக்கும்போது கோளாறும் உள்ளேயிருக்கும் பாகங்களும் எழுதிய ரசீது வாங்குங்கள். போர்டின் படத்தையும் எடுத்துவையுங்கள். துருவும் நீர்ச் சேதமும் பெரும்பாலும் வாரண்டியில் சேராது. கடற்கரை ஊரில் அதைக் காரணம் காட்டி மறுத்தால், கொடுத்த அன்று போர்டு எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் படமே சாட்சி. செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். செல்லை அளந்ததில் எத்தனை வோல்ட் என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

முறையிடும் வழி

முதலில் கடைக்கோ நிறுவனத்துக்கோ எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளை வேறு ஊரிலோ இணையத்திலோ வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. போர்டு உண்மையில் கெட்டதா என்ற சண்டை வந்தால், பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

பெரிய கம்பெனி வணிகத்துக்காக வாங்கிய பொருளுக்கு இந்த வழி திறக்காது. ஆனால் சொந்தப் பிழைப்புக்காக ஒரே சிஸ்டம் வைத்து ஜெராக்ஸ் கடையோ பிரவுசிங் சென்டரோ நடத்துகிறவர் சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம்தான் கெடு. கடைக்காரர் 'அடுத்த வாரம் வாங்க' என்று இழுத்தடிக்கும் நாட்களும் அதில் சேரும்.