ஆகாய விமானத்தில் திராட்சை மது

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆவடியிலிருந்து ஓர் அம்மாள் அம்பத்தூரில் நம் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். பத்து வருஷங்களுக்கு முன்பு நம்மிடம் ஆங்கிலம் படித்த மாணவி ஒருத்தியின் தாயார் அவர். கொடுத்த காப்பியைத் தொடாமலே வந்த காரியத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"ஸார்! என் பெண்ணுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தானே? அந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு அவள் இப்போது என்ன உத்தியோகம் பார்க்கிறாள், தெரியுமா? ஆகாயத்திலே சாராயம் ஊற்றிக் கொடுக்கிறாள்!"

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நமக்குச் சிரிப்பு வந்திருக்கும். அந்த அம்மாள் சொன்னபோது வரவில்லை. அவருடைய கணவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் வேலையில் கைதேர்ந்தவர். சம்பள நாளில் அவரை வீட்டுக்கு அழைத்து வருவதற்காக, ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த இந்தப் பெண் பள்ளிச் சீருடையோடு மதுக்கடை வாசலில் போய் நிற்பாள். நாற்பத்திரண்டாவது வயதில் ஈரல் கெட்டு அவர் காலமானார். பிறகு அம்மாள் ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்றில் தையல் வேலை பார்த்துக் குடும்பத்தை நிமிர்த்தினார். இன்று அந்தப் பெண் ஓர் இந்திய விமானக் கம்பெனியில் பிரயாணிகளை உபசரிக்கும் பணியில் இருக்கிறாள். வெளிநாடு செல்லும் விமானங்களில், அதிகக் கட்டணம் கொடுத்துப் பிஸினஸ் வகுப்பில் வருகிறவர்களுக்கு ஒயின் பரிமாறுவது அவள் பொறுப்புகளில் ஒன்று. தம்பியின் இஞ்சினீயரிங் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் நடக்கிறது.

"நடு ராத்திரியிலே கார் வந்து நிற்கிறது, ஸார். தெருவிலே ஒவ்வொரு ஜன்னலாகத் திறக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எந்தப் புட்டி இந்த வாசற்படியைத் தாண்டக் கூடாதென்று அத்தனை வருஷம் போராடினேனோ, அந்தப் புட்டியை என் பெண்ணே கையில் எடுக்கிறாளே! வேலையை விட்டுவிடும்படி நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது வாத்தியாருக்கு அழகல்ல. "கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், அம்மா" என்று சொல்லி அனுப்பினோம். பெண் லீவில் வந்தபோது அவளிடம் விவரமாகக் கேட்டோம், புத்தகங்களையும் புரட்டினோம். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்துத் தெருக்களிலிருந்து இப்போது எத்தனையோ பெண்கள் இந்த உத்தியோகத்துக்குப் போகிறார்கள். ஆகையால் நாம் அறிந்துகொண்டதை நேயர்களுக்கும் சொல்வது நலம் என்று தோன்றுகிறது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். சென்னையிலிருந்து டில்லிக்கோ பம்பாய்க்கோ பறக்கிறவர் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அவருக்கு மது கிடையாது. உள்நாட்டு விமானங்களில் மது வழங்கக் கூடாதென்பது இந்திய விதி. அயல்நாடு செல்லும் விமானங்களில்தான் அனுமதி உண்டு. அங்கும் சாதாரண வகுப்புக்கு ஒரு முறை, உயர்ந்த வகுப்புக்கு வேறொரு முறை. சாதாரண வகுப்பில் பெரும்பாலும் 187 மில்லி கொண்ட சின்னஞ்சிறு புட்டியை அப்படியே கொடுத்துவிடுவார்கள். உயர்ந்த வகுப்பிலோ 750 மில்லிப் புட்டியைப் பிரயாணியின் முன் கொண்டுவந்து, அதன் சீட்டைக் காட்டி, எந்தத் தேசம், எந்த வருஷத்துத் திராட்சை என்று சொல்லி ஊற்ற வேண்டும்.

நம் சரித்திரத்தில் ஒரு வேடிக்கையான பொருத்தம் இருக்கிறது. 1948 ஜூன் 8-ந் தேதி 'மலபார் பிரின்ஸஸ்' என்ற விமானம் 35 பிரயாணிகளுடன் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜினீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது. 'ஏர் இந்தியா இண்டர்நேஷனல்' கம்பெனியின் முதல் அயல்நாட்டுப் பிரயாணம் அதுதான். அதே 1948-ல், அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளன்று, சென்னை மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு வந்துவிட்டது. ராஜாஜி 1937-ல் சேலம் ஜில்லாவில் தொடங்கிய காரியம் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் பூர்த்தியாயிற்று. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, இந்தப் பக்கத்தில் ஒரு கள்ளுக்கடை கிடையாது. 1971-ல் அந்த விலக்கு தளர்ந்தது, இடையில் மீண்டது, மறுபடியும் போயிற்று. 2003 முதல் அரசாங்கமே சில்லறைக் கடைகளை நடத்தி வருகிறது. அம்மாளின் கணவர் நின்றது அப்படிப்பட்ட கடை வாசலில்தான்.

அவர் குடித்ததும் பெண் ஊற்றுவதும் ஒன்றா? சரக்கைப் பார்த்தால் ஒன்றல்ல. கடைச் சரக்கில் மதுசாரம் நூற்றுக்கு ஏறக்குறைய 43 பங்கு. ஒயின் என்பது திராட்சைச் சாற்றைப் புளிக்க வைத்தது. அதில் 12 முதல் 14 பங்கு வரை இருக்கும். ஆனால் பங்கு குறைவு என்று சொல்லி ஒரு தாயைத் தேற்ற முடியாது. மது மதுதான்.

பரிமாறுவதில் இவ்வளவு படிப்பு இருக்குமென்று நாம் நினைத்ததில்லை. வெள்ளை ஒயினைக் குளிர வைக்க வேண்டும். சிவப்பு ஒயினை அவ்வளவு குளிர வைக்கக் கூடாது. ஷாம்பேன் புட்டிக்குள் வாயு அடைபட்டிருப்பதால், அடைப்பானைத் துணியால் பற்றிக்கொண்டு, புட்டியைத் திருப்பித் திருப்பிச் சத்தமில்லாமல் திறக்க வேண்டும். சினிமாவில் வருவதுபோல் 'டப்'பென்று பறக்க விட்டால் யார் கண்ணுக்கு ஆபத்தோ? கிண்ணத்தில் பாதிக்குமேல் ஊற்றுவது அநாகரிகம். விமானம் குலுங்க ஆரம்பித்தால் பரிமாறுவதை அப்படியே நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் பூட்டி வைத்து உட்கார்ந்துவிட வேண்டும்.

இதிலும் விசேஷமான விஷயம் நாக்கைப் பற்றியது. விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதுபோல் வைக்கப்பட்டிருக்கும். அதாவது, பிரயாணி உட்கார்ந்திருப்பது ஏறக்குறைய உதகமண்டலத்தின் உயரத்தில். ஆனால் உதகையின் ஈரக்காற்று அங்கே இல்லை. ஈரப்பதம் நூற்றுக்கு 20-க்கும் கீழே, பாலைவனத்து வறட்சி. மூக்கு உலர்ந்துவிடுகிறது. ஜலதோஷம் பிடித்தவனுக்கு ரஸம் மணக்குமா? வாசனை போனால் ருசியும் போயிற்று. 2010-ல் ஜெர்மனியின் பிரௌன்ஹோபர் ஆராய்ச்சிக் கூடத்தார், லுப்தான்ஸா விமானக் கம்பெனிக்காக, காற்றழுத்தம் குறைத்த விமானக் கூட்டுக்குள் மனிதர்களை உட்கார வைத்து ருசி பார்க்கச் சொன்னார்கள். உப்பின் ருசி நூற்றுக்கு 20 முதல் 30 பங்கும், இனிப்பின் ருசி 15 முதல் 20 பங்கும் குறைந்து தெரிந்தனவாம். ஒயினில் பழத்தின் மணம் மங்கி, துவர்ப்பும் புளிப்பும் முன்னால் வந்து நிற்கும். ஆகையால் கீழே புகழ் பெற்ற புட்டி மேலே எடுபடாமல் போகலாம். விமானக் கம்பெனிகள் ருசி நிபுணர்களை வைத்துக்கொண்டு, பழ வாசனை தூக்கலான ஒயின்களாகத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இதுவே.

இதையெல்லாம் நம் மாணவி ஒரு சொட்டும் குடிக்காமல் கற்றிருக்கிறாள்! குடிக்கவும் முடியாது. பறப்பதற்கு முந்தின 12 மணி நேரத்துக்குள் விமானிகளும் பணிப்பெண்களும் மதுவைத் தொடக் கூடாது என்பது சட்டம். புறப்படுமுன் குழாயில் மூச்சை ஊதிப் பரீட்சையும் கொடுக்க வேண்டும். இந்த நிபந்தனையைக் கூறும் விமான விதிகளும் 1937-ல் பிறந்தவையே. ராஜாஜியின் மதுவிலக்குச் சட்டத்துக்கு ஒரே வயது.

பெண்ணின் கையால் அயல்நாட்டு மதுவை ஊற்றுவது தமிழுக்குப் புதிதுமல்ல. யவனர் கப்பலில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் வளையணிந்த மகளிர் நாள்தோறும் கொடுக்க, பாண்டியன் நன்மாறன் அருந்தி மகிழ்வதைப் புறநானூற்றின் 56-ம் பாட்டில் நக்கீரர் சொல்லியிருக்கிறார். அந்த மது வந்த ஜாடிகளின் ஓடுகள் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மண்ணுக்கடியில் கிடைத்தன. அதே தமிழில்தான் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அரசன் குடித்ததை நக்கீரர் பாடினார். ஊற்றிய மகளிர் என்ன நினைத்தார்கள் என்பதைப் பாடியவர் யாருமில்லை. 'போதும், மன்னவா!' என்று சொல்ல அவர்களுக்கு வாய் இருந்ததா?

நம் விசாரணை கடைசியில் வந்து நின்றது இந்தக் கேள்வியில்தான்.

2022 நவம்பர் 26-ந் தேதி நியூயார்க்கிலிருந்து டில்லிக்கு வந்த ஏர் இந்தியா விமானத்தில், பிஸினஸ் வகுப்பில், மது மயக்கத்திலிருந்த ஒரு பிரயாணி, வயதான ஒரு பெண்மணியிடம் எழுதத் தகாத அநாகரிகம் செய்ததாகப் புகார் எழுந்தது. தேசமே முகம் சுளித்தது. 2023 ஜனவரியில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் அந்தக் கம்பெனிக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. தலைமை விமானியின் லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்தி வைத்தது. அதே மாதத்தில் கம்பெனி தன் மது உபசார விதிகளைத் திருத்தி எழுதிற்று. அளவு மீறியவருக்கு மரியாதையாக மறுத்துவிட வேண்டும்; அவரைக் 'குடிகாரர்' என்று அழைக்கக் கூடாது; 'கடைசியாக ஒன்றே ஒன்று' என்ற கெஞ்சலுக்கும் இணங்கக் கூடாது என்பவை அவற்றின் சாரம்.

மறுப்பதற்கு மரியாதையைத் தவிர வைத்தியக் காரணமும் உண்டு. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைவாயிருப்பதால் இரத்தத்தில் பிராணவாயு சற்றுக் குறைகிறது. குடித்துவிட்டுத் தூங்கினால் அது இன்னும் குறைந்து, இருதயம் வேகமாக அடித்துக்கொள்கிறது. கொலோன் நகரில் ஜெர்மன் ஆராய்ச்சியாளர் 48 பேரை வைத்துச் செய்த சோதனையில் இது தெரிந்தது. 2024-ல் முடிவுகள் வெளியாயின. இளைஞர்களுக்கே இப்படியென்றால், இருதய நோயுள்ள முதியவர் கதி என்ன? 1930-ல் அமெரிக்காவில் முதன்முதலாக விமானப் பணிப்பெண்ணாகச் சேர்ந்த எல்லன் சர்ச் ஒரு நர்ஸ். அது எவ்வளவு பொருத்தம் என்று இப்போது விளங்குகிறது.

"நீ எப்போதாவது மறுத்திருக்கிறாயா, அம்மா?" என்று மாணவியைக் கேட்டோம்.

கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொன்னாள்: "ஒரு தடவை, ஸார். பெரிய மனிதர், எங்கள் அப்பா இருந்திருந்தால் அந்த வயசுதான். மூன்று கிண்ணம் ஆகிவிட்டது. கண் சிவந்துவிட்டது. நாலாவது கேட்டார். பக்கத்தில் குனிந்து, 'முதலில் சாப்பிடுங்கள், ஸார். தண்ணீர் கொண்டுவருகிறேன்' என்றேன். 'இத்தனை பணம் கொடுத்திருக்கிறேன், நீ யார் என்னைத் தடுக்க?' என்று சத்தம் போட்டார். கை நடுங்கிற்று. ஆனால் ஊற்றவில்லை. எங்கள் மேலாளர் அம்மாள் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். பிறகு அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப் போனார். அந்தக் கடையிலே அப்பாவுக்கு ஊற்றினவர்களில் ஒருத்தராவது ஒரு நாளாவது இப்படிச் சொல்லியிருக்கலாமே என்று அப்போது தோன்றியது, ஸார்."

நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மறு ஞாயிற்றுக்கிழமை நாமே ஆவடிக்குப் போனோம். வேலையை விடச் சொல்லி அறிவுரை கூறவில்லை; தொடரும்படியும் கூறவில்லை. அறிந்ததையெல்லாம் சொன்னோம், மகள் மறுத்த கதையையும் சொன்னோம். அதை அவள் தாயாரிடம் சொல்லியிருக்கவில்லை. அம்மாள் வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

"வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு அதிகாரம் இருக்கிறதா, ஸார்?"

"விதியில் இருக்கிறது, அம்மா."

"வந்து உட்காருகிறவர்கள் கேட்பார்களா?"

"எல்லோரும் கேட்கமாட்டார்கள். அப்போது கம்பெனி அவள் பக்கம் நிற்க வேண்டும்."

"நிற்குமா?"

நின்ற நாளும் உண்டு, நிற்காத நாளும் உண்டு என்பதை மறைக்க நமக்கு மனம் வரவில்லை. அப்படியே சொன்னோம். இந்த உத்தியோகம் கௌரவமானதா அல்லவா என்பது புட்டியைப் பொறுத்ததன்று. புட்டியைக் கீழே வைக்கும் உரிமையைப் பொறுத்தது என்பது நம் அபிப்பிராயம். அந்த உரிமையைப் பெண்ணின் தைரியத்துக்கு மட்டும் விட்டுவிடாமல், கம்பெனியும் சட்டமும் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும்.

அம்மாளுக்கு அந்த வேலை இன்னும் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டுமென்று சொல்ல நாம் யார்? ஆனால் இப்போதெல்லாம் நடு ராத்திரியில் கார் வரும்போது அவரே வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, கார் தெருமுனை திரும்புகிற வரையில் வெளியில் நிற்கிறாராம்.