நாரிப்பிடிப்பும் உருவும் கையும்

யாழ்ப்பாணத்தில் இடுப்பு நோவுக்குப் பரியாரியாரைத் தேடிப் போகிறவர் ‘நாரி பிடிச்சுப்போச்சு’ என்றுதான் சொல்வார். வெங்காயம் நட்டவருக்கும் மண்வெட்டி பிடித்தவருக்கும் அதே நாரிதான், நாள் முழுக்கக் கணினி முன் குந்தியிருப்பவருக்கும் அதே நாரிதான். பரியாரியார் எண்ணெயை இளஞ்சூடாக்கி உள்ளங்கையில் விட்டுக்கொண்டு உருவத் தொடங்குவார்.

தடவுதல், உருவுதல், பிடித்துவிடுதல் மூன்றும் ஒன்றல்ல. தடவும் கை தோலோடு நின்றுவிடுகிறது. உருவும் கை தசை ஓடும் வழியே அழுத்திக்கொண்டு போகிறது. பிடித்துவிடும் கை தசையையே அள்ளிப் பிசைகிறது. இந்த வேறுபாட்டை நம் பேச்சு எப்போதோ கண்டுவிட்டது. சித்த மருத்துவம் புறமருந்துகளை 32 ஆகப் பிரிக்கிறது. அவற்றில் ஒன்றான, கையால் செய்யும் தொக்கணத்தை மேலும் ஒன்பதாக வகுக்கிறது: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். 19ஆம் நூற்றாண்டில் மெஸ்கர் என்ற டச்சு மருத்துவர் இவற்றில் சிலவற்றைப் போன்ற கை அசைவுகளுக்குப் பிரெஞ்சுப் பெயர்களை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ‘சுவீடிஷ் மசாஜ்’ என்று இன்று விடுதிகளில் கிடைப்பது அந்த வழியில் வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1984இல் சித்த மருத்துவப் படிப்பைத் தொடங்கியது. அந்தப் படிப்பு நடக்கும் கைதடியில் மாணவர்களுக்குத் தொக்கணம் ஒரு பாடம்.

உருவினால் நோ ஏன் குறைகிறது? கால் கதவில் இடித்துக்கொண்டால் கை தானாகவே அந்த இடத்தைத் தேய்க்கிறதல்லவா, விடை அங்கேயே இருக்கிறது. தொடுகையின் செய்தியும் நோவின் செய்தியும் முள்ளந்தண்டு வடத்தைத் தாண்டித்தான் மூளைக்குப் போக வேண்டும். தொடுகைச் செய்தி நிறைய வந்தால் நோவின் செய்திக்கு வழி அடைபடுகிறது என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965இல் சொன்னார்கள். நோவின் வாயிற்கதவுக் கோட்பாடு என்பது இதுதான். பின்னாளில் அதன் நுணுக்கங்கள் பல திருத்தப்பட்டாலும் அடிப்படை எண்ணம் நிலைத்துவிட்டது.

இதைவிட எனக்கு வியப்பானது இன்னொரு நரம்பு. மயிர் உள்ள தோலில் மெல்லிய நரம்பிழைகள் சில இருக்கின்றன. வினாடிக்கு 1 முதல் 10 சென்ரிமீற்றர் வேகத்தில், இளஞ்சூடான கை மெதுவாக வருடும்போதுதான் அவை நன்றாக விழித்துக்கொள்கின்றன. பிள்ளையைக் காலில் கிடத்தி எண்ணெய் பூசி உருவும் அம்மம்மாவின் கை வேகமும் ஏறத்தாழ அதுதான். அவர் அதை எங்கும் அளந்து படிக்கவில்லை.

ஆனால் உடலை அழுத்தாமலே, சிலவேளை தொடாமலே, ‘சக்தி’ பாய்ச்சிக் குணமாக்குவதாகச் சொல்லும் முறைகளும் உண்டு. ஜப்பானில் 1922இல் மிக்காவோ உசுயி தொடங்கிய ரெய்க்கியில் கையை மெல்ல வைப்பார்கள், அல்லது உடலுக்கு மேலே பிடித்திருப்பார்கள். அமெரிக்கச் சிறுமி எமிலி ரோசா இதைப் போன்ற ஒரு முறையை ஒன்பது வயதில் சோதித்தாள். 21 சிகிச்சையாளர்கள் ஒரு திரைக்குள்ளால் இரு கைகளையும் நீட்டினார்கள். அவற்றில் ஒன்றின் மேல் அவள் தன் கையைப் பிடித்தாள். எந்தக் கை என்று உணர்ந்து சொல்ல வேண்டும். 280 முறையில் சரியானது 44 விழுக்காடு. நாணயம் சுண்டியிருந்தாலே பாதி சரியாக வந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இது வெளியானது. திருநீறு போட்டுப் பார்வை பார்க்கும் முதியவரிடம் மனம் அமைதியடைவதை நான் மறுக்கவில்லை. அந்த அமைதிக்கும் மதிப்புண்டு. நோயைத் தீர்க்கும் சக்தி விரலிலிருந்து பாய்கிறது என்பதற்குத்தான் சான்று இல்லை.

வர்மம் வேறு. அங்கே 108 இடங்களில் கை உண்மையாகவே அழுத்துகிறது. அதனால்தான் பழகாத கையிடம் கழுத்தைக் கொடுக்கக்கூடாது.

நாரி நோவுக்கு உருவுவதால் கிடைக்கும் ஆறுதல் பெரும்பாலும் சில நாட்களுக்கானது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. மறுபடி நடக்கவும் குனியவும் தொடங்க அந்தச் சில நாட்கள் உதவும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக நொந்தால் அங்கே கை வைக்கவே கூடாது. உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம், உருவினால் அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போகலாம். விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டாலும் அப்படித்தான். கைதேர்ந்த பரியாரியார் அப்போது எண்ணெய்ப் போத்தலை மூடிவைத்துவிட்டு, ‘முதலில படம் எடுத்துக்கொண்டு வா தம்பி’ என்று வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவார்.