கதவை உடைத்து எடுத்த மைக்

தவளக்குப்பத்திலிருந்து கடலைப் பார்க்கத் திரும்பினால் வரும் மீனவர் ஊர் நல்லவாடு. இருபது, இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இந்த ஊருக்கு அலைச் செய்தி வந்த வழியைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்காள விரிகுடாவின் அலை உயரம் இருக்கும். வில்லியனூரில் இருந்த மையத்தில் அதை இறக்கி, தமிழாக்கி, வயர்லெஸ் வழியாகக் கடலோர ஊர்களுக்கு அனுப்புவார்கள். ஊரில் உள்ளவர் அதை மைக்கில் வாசிப்பார். வலையைச் சரிபார்த்துக்கொண்டிருப்பவர் இருந்த இடத்திலேயே கேட்டுக்கொள்வார்.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய தகவல் கிராமத் திட்டம் அது. பணம் கனடாவிலிருந்து வந்தது. அந்நாட்டு அரசின் வரிப்பணத்தில் இயங்கும் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம் கொடுத்தது. கம்ப்யூட்டர், வயர்லெஸ், சோலார் தகடு எல்லாம் திட்டச் செலவு. இடமும் ஆளும் ஊரின் பொறுப்பு. மையத்தில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பெண்கள். எந்தச் சாதிக்காரர் வந்தாலும் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. ‘நம்ம ஊரு செய்தி’ என்று ஒரு பத்திரிகைகூட நடத்தினார்கள்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டு இளைஞர், முன்பு இதே திட்டத்தில் தொண்டராக இருந்தவர், சுமத்ரா நிலநடுக்கச் செய்தியைக் கேட்டதும் வீட்டுக்குப் போன் போட்டார். கடல் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்றார் சகோதரி. உடனே வெளியேறச் சொன்னார் அவர். ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து மைக்கை எடுத்தார்கள். சைரனும் ஒலித்தது. சுமார் 150 வீடுகளும் 200 படகுகளும் போயின. ஊரில் இருந்த 3,600 பேரும் பிழைத்தார்கள்.

கவனியுங்கள், அன்று மையத்தில் ஆள் இல்லை. இணையத்திலிருந்தும் எச்சரிக்கை எதுவும் வரவில்லை. காப்பாற்றியது கருவி என்பதைவிட, அந்தக் குழாய் ஒலிபெருக்கியிலிருந்து சத்தம் வந்தால் கடல் விஷயம்தான் என்று காதுகளுக்கு ஆகியிருந்த பழக்கம் என்பேன். வருஷக்கணக்கில் தினமும் யாரோ வாசித்ததால் வந்த பழக்கம். எந்த நன்கொடையாளரின் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. அதனால், வெட்டு விழும்போது முதலில் போவதும் இதுதான்.

அடுத்த வருஷங்களில் தில்லியும் இந்த யோசனையில் ஆசை வைத்தது. ஊருக்கு ஒரு அறிவு மையம் என்ற இயக்கத்துக்கு 2005 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் நபார்டு வழியாக 100 கோடி ரூபாய் என்று அறிவித்தார். 2006இல் அரசே பொதுச் சேவை மையங்களுக்கு ஒப்புதல் தந்தது. முதலில் ஒரு லட்சம் மையங்கள் என்று கணக்கு. அவற்றை நடத்துபவர் தொழில்முனைவோர். பட்டா நகலுக்கும் சான்றிதழுக்கும் வாங்கும் கட்டணம்தான் அவருக்கு வருமானம். அதில் தவறில்லை. ஆனால், அலை உயரத்தை வாசித்தால் யார் காசு கொடுப்பார்கள்?

வெளிப்பணமும் இறுகியது. 2012 பட்ஜெட்டில் கனடா தன் வெளிநாட்டு உதவியைக் குறைத்தது. நல்லவாட்டுக்குப் பணம் தந்த அதே ஆராய்ச்சி மையம் சிங்கப்பூர், டக்கார் அலுவலகங்களை மூடியது. 2020இல் இங்கே வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. பெரிய நிறுவனம் வாங்கி ஊரில் உள்ள சிறிய அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பது அத்தோடு நின்றது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கியது. வாடகை, கரண்ட் பில், கணக்கெழுதுபவரின் சம்பளம் எல்லாம் அந்த இருபதுக்குள். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. ஜூலையில் அதன் உதவி முகமையே முடிந்துபோனது.

இன்றைய மீனவரிடம் போன் இருக்கிறது. ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் நம் சொந்த சுனாமி எச்சரிக்கை மையமும் இருக்கிறது. இந்த வசதியைக் குறைத்துப் பேச மாட்டேன்; அன்று அது இருந்திருந்தால் நாகப்பட்டினத்தில் அத்தனை உயிர் போயிருக்காது. ஆனால் போன் ஒருவருக்கானது. சார்ஜ் இல்லாத கிழவிக்கும், திண்ணையில் தூங்குகிறவருக்கும் குழாய்தான்.

அந்தக் குழாய்க்கு இனி யார் பணம்? 2014 முதல் பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கம்பெனிகளுக்குப் பிடித்தது திறப்பு விழா. சோலார் தகடு வாங்கித் தருவார்கள். சில வருஷத்தில் உயிரை விடும் பாட்டரியை மாற்ற மனுப் போட்டால் பதில் வராது. பஞ்சாயத்து ஏற்கலாம் என்றால், புதுச்சேரியில் 2006இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு இன்னொன்று நடக்கவே இல்லை. ஐந்து வருஷப் பதவி முடிந்ததும் கொம்யூன் பஞ்சாயத்துகள் அதிகாரிகள் கைக்குப் போய்விட்டன.

மிச்சம் இருப்பது மீனவ ஊர்களின் பழைய ஏற்பாடுதான்: திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போட்டு வசூலிக்கும் ஊர்ப் பஞ்சாயத்து. அந்த வரியில் ஒரு பங்கை ஆம்ப்ளிஃபயருக்கும் பாட்டரிக்கும் ஒதுக்கலாம். தினமும் வந்து வாசிக்கும் பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்க அது போதாது. அதை அரசுதான் கொடுக்க வேண்டும். மீன்வளத் துறைக்கு அது ஒரு பெரிய தொகையே இல்லை.