முதற் கணினிக்கு உறுப்புகளைத் தெரிவுசெய்தல்



உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வருமுன் உள்ள மாதங்களிலே பல வீடுகளில் ஒரு விண்ணப்பம் எழுகின்றது. மகனோ மகளோ தனக்கென ஒரு கணினி வேண்டும் என்கின்றார். அதுவும் கடையில் ஆயத்தமாய் இருப்பதன்று. உறுப்பு உறுப்பாகத் தெரிந்தெடுத்துப் பொருத்துவது. எதற்கென்று வினவினால், காணொளி தொகுக்க, படம் வரைய, முப்பரிமாண உருவங்கள் அமைக்க என்று உரத்த குரலிலும், விளையாட என்று மெல்லிய குரலிலும் விடை வரும். பெற்றோரோ சீட்டுப் பணத்தை எண்ணிப் பார்த்துப் பெருமூச்செறிவர். விளையாட்டென்ற சொல்லைக் கேட்டு அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. விளையாட்டுக்கு வேண்டிய அதே வலுவே பெரும்பாலும் இத்தொழில்களுக்கும் வேண்டியதாகின்றது. ஆனால் பணத்தை எவ்வுறுப்பில் எவ்வளவு இடுவது என்பதிலேதான் பலர் வழி தவறுகின்றனர்.

புரொசசரிலிருந்து தொடங்க வேண்டும் என்பது பொதுவான எண்ணம். நான் திரையிலிருந்து தொடங்குமாறு கூறுவேன். 1920க்கு 1080 என்னும் அளவுடைய திரையிலே ஏறத்தாழ 20 இலட்சம் ஒளிப்புள்ளிகள் உள்ளன. 4கே எனப்படும் 3840க்கு 2160 திரையிலோ அவை நான்கு மடங்கு. விளையாட்டு தடங்கலின்றி ஓட, செக்கனுக்கு 60 படங்களேனும் வரையப்படுதல் நன்று. அறுபதில் ஒரு செக்கனுக்குள் அத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணித்து முடிக்கும் பொறுப்புக் கிராபிக்ஸ் அட்டையினுடையது. எனவே திரை எதுவெனத் தீர்மானியாது அட்டையை வாங்குதல், பாத்தியின் பரப்பை அறியாது நீரிறைக்கும் யந்திரம் வாங்குவது போலாகும். நிறங்களோடு தொழில் செய்ய விரும்பும் பிள்ளை, திரையின் வேகத்தைக் காட்டிலும், எஸ்.ஆர்.ஜி.பி. நிறவெளியை முழுமையாகக் காட்டுமா என்பதையே முதலில் நோக்கட்டும்.

அட்டையிலே கவனிக்க வேண்டியது பெயர் மட்டுமன்று. 2025 ஆம் ஆண்டிலே என்விடியா நிறுவனம் ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. என்னும் ஒரே பெயரில் இரண்டு அட்டைகளை வெளியிட்டது. ஒன்றுக்கு 8 கிகாபைட் நினைவகம், மற்றதற்கு 16. விளையாட்டு மட்டுமே கருதுவோருக்கு முன்னையது சிலகாலம் போதியதாயிருக்கலாம். பிளெண்டர் என்னும் முப்பரிமாணச் செயலியைப் பயில்பவருக்கோ கதை வேறு. தாம் அமைத்த காட்சி அட்டையின் நினைவகத்துள் அடங்காவிடின், வேலை மிக மந்தமாகும். சில வேளை நின்றே போகும். பிளெண்டர் இலவசமாய்க் கிடைப்பது. அதனைக் கொண்டு ஆக்கப்பட்ட ‘ஃபுளோ’ என்னும் லற்வியத் திரைப்படம் 2025 இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. செயலிக்குப் பணம் வேண்டாத இடத்தில், அப்பணத்தை 16 கிகாபைட் அட்டைக்கு ஒதுக்குதல் தகும்.

புகைப்படம் திருத்துவோருக்கு அட்டையினும் புரொசசரும் ராம் நினைவகமுமே பெரிதும் உதவுவன. காணொளி தொகுப்போர் இன்னொன்றும் அறிதல் வேண்டும். இன்ரெல் புரொசசரின் எண்ணுக்குப் பின் ‘எஃப்’ என்னும் எழுத்து இருப்பின் அதிலே உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. காணொளியை விரைந்து விரிக்கும் குவிக் சிங்க் வசதியும் அதனோடு போய்விடும். சிறிது பணம் மிஞ்சுமென்று அதனை வாங்குவோர் எதனை இழக்கின்றோம் என்று தெரிந்தே வாங்கட்டும். ராம் நினைவகம் 32 கிகாபைட் வேண்டுமாயின் 16 கிகாபைட் இரண்டாக வாங்குக. இரு வழியாகத் தரவு செல்வதால் வேகம் மிகும்.

ஒன்றுக்கொன்று பொருந்துதல் அடுத்த கவலை. ஏ.எம்.டி. நிறுவனம் 2022 இல் கொணர்ந்த ஏ.எம்.5 பொருத்தி டி.டி.ஆர்.5 நினைவகத்தையே ஏற்கும். பழைய டி.டி.ஆர்.4 துண்டின் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் அது உள்ளே செல்லாது. பலவந்தம் செய்தால் உடையும். 2025 இன் பிற்பகுதியில் நினைவகங்களின் விலை உலகெங்கும் ஏறியதனாற் பலரும் பழையதைப் பயன்படுத்த நினைக்கின்றனர். அவர்கள் மதர்போட் எந்நினைவகத்துக்குரியது என்று முதலிலே பார்க்க வேண்டும். சேமிப்புக்கு என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. ஒன்று போதும், அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

மிக வருந்தத்தக்க சிக்கனம் மின்வழங்கியிலே நிகழ்கின்றது. பவர் சப்ளை எனப்படும் இவ்வுறுப்பு கூட்டின் மூலையில் மறைந்திருப்பது. நண்பருக்குக் காட்டிப் பெருமைப்பட இயலாதது. ஆதலால் வண்ண விளக்குச் சுழலும் விசிறிகளுக்குப் பணம் போகின்றது. மின்வழங்கியோ கூட்டோடு மலிவாகத் தரப்படுவதாய் அமைகின்றது. கணக்குப் பாருங்கள். மேற்சொன்ன அட்டை 180 வாற்று வரை கொள்ளும். ரைசன் 5 7600 போன்ற புரொசசருக்கு ஏறத்தாழ 90 வாற்று. ஏனையவற்றையும் சேர்த்தால் 350 ஐத் தாண்டுவது அரிது. ஆகவே 550 அல்லது 650 வாற்றுக்குரிய தரமான மின்வழங்கி தாராளமாய்ப் போதும். 1000 வாற்று வீண். ‘80 பிளஸ்’ முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமற் பயன்படுகின்றது என்பதையே கூறும். மிகை அழுத்தத்திலிருந்து காக்கும் ஏற்பாடு உண்டா என்பதைத் தனியே கேட்டறிக. தரமற்ற மின்வழங்கி பழுதாகும்போது தான் மட்டும் போவதில்லை. அட்டையையும் மதர்போட்டையும் உடன்கொண்டு போகவும் கூடும். கழற்றி மாட்டும் வயர்களை உடையதாயின், வேறொரு மின்வழங்கியின் வயரை அதில் மாட்டவே கூடாது. முனை பொருந்தினும் உள்ளே கம்பிகளின் ஒழுங்கு வேறாயிருக்கும்.

நம் நாட்டிலே பருவப்பெயர்ச்சிக்கு இடைப்பட்ட ஏப்ரல், ஒக்ரோபர் மாதங்களில் இடிமின்னல் மிகுதி. அவ்வேளை கணினியின் மின்செருகியையும் இணையக் கம்பியையும் கழற்றி வைப்பதே உறுதியான காவல். மின்தடைக்கென யூ.பி.எஸ். வாங்குவோர், அதன் மேல் வி.ஏ. என்று பெரிதாய் எழுதிய எண் வாற்று அன்று என்பதை மனத்திற் கொள்க. வாற்று அதனினும் குறைந்தது. பக்கத்திலே சிறிய எழுத்தில் இருக்கும்.

கொழும்பிலே பம்பலப்பிட்டியிலாயினும் உங்கள் ஊரிலாயினும், வாங்குமுன் உறுப்புகளின் முழுப் பெயரையும் எழுதிய விலைப்பட்டியலை இரண்டு மூன்று கடைகளிற் பெறுக. ‘16 கிகாபைட் அட்டை’ என்று வாய்ச்சொல்லாய் இருப்பது பற்றுச்சீட்டிலும் அவ்வாறே இருத்தல் வேண்டும். ஒவ்வோர் உறுப்பின் தொடரிலக்கமும் உத்தரவாதக் காலமும் தனித்தனியே குறிக்கப்படட்டும். பெட்டிகளை உத்தரவாதம் முடியுமட்டும் பரணில் வையுங்கள்.