டிரான்சிஸ்டருக்கும் ஜாதகம் உண்டு!

நம்ம கோட்டூர்புரத்தை ஒட்டி இருக்கிற ஐ.ஐ.டி. மெட்ராஸில் 'சக்தி' என்ற நுண்செயலியை வடிவமைத்தார்கள், தெரியுமா? 2018-ல் அது மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில் சில்லாகத் தயாரானது. சில்லு என்பது சட்டை மாதிரி இல்லை, அளவு சரியில்லைன்னா பிரிச்சுத் தைக்க. ஒரு தடவை செய்துவிட்டால் உள்ளே ஒரு கம்பியைக்கூட மாற்ற முடியாது. செய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும், பணமும் ஏராளம். அதனால் முன்கூட்டியே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

இந்த மாதிரி மென்பொருள்களுக்கெல்லாம் தாத்தா 'ஸ்பைஸ்'. (மிளகாய்த்தூள் இல்லீங்க!) அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நேகல் என்ற மாணவர், பேராசிரியர் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் உருவாக்கினார். 1973-ல் வெளிவந்தது.

ஸ்பைஸுக்குப் படம் புரியாது, எழுத்துதான் புரியும். எந்தப் பாகம் எந்த முனையோடு சேருதுன்னு வரிவரியாக எழுதித் தரணும். அதுதான் நெட்லிஸ்ட். ஒரு வரி பாருங்க:

கியூ1 3 2 0 பிசி547

'கியூ' என்றால் டிரான்சிஸ்டர். அதன் கலெக்டர் 3-ஆம் முனையில், பேஸ் 2-ல், எமிட்டர் 0-ல். 0 என்றால் எர்த். கடைசியில் இருப்பது மாடலின் பெயர். பெயரை மட்டும் சொன்னா அதோட குணம் எப்படித் தெரியும்? அதுக்குத்தான் '.மாடல்' என்று இன்னொரு வரி. அதை நான் ஜாதகம் என்று சொல்வேன்.

அதில் முக்கியமானது 'பி.எஃப்.' பேஸில் 1 பங்கு மின்னோட்டம் கொடுத்தால் கலெக்டரில் அதிகபட்சம் எத்தனை பங்கு வரும் என்கிற எண். நாம எழுதாம விட்டா ஸ்பைஸ் தானாகவே 100 என்று வைத்துக்கொள்ளும். வம்பு இங்கேதான். ரிச்சி தெருவில் கிடைக்கிற பிசி547-ல் 'ஏ' வகைக்கு இந்த எண் 110 முதல் 220 வரை, 'பி' வகைக்கு 200 முதல் 450 வரை, 'சி' வகைக்கு 420 முதல் 800 வரை இருக்கலாம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே ஒரே மாதிரி இல்லையே! அதனால் ஒரே எண்ணை நம்பிச் சுற்று போட்டால் கம்ப்யூட்டரில் வேலை செய்யும், கையில் செய்தால் செய்யாது. 110 போட்டும் 800 போட்டும் ஓட்டிப் பார்க்கணும்.

சில்லுக்குள் இருப்பது வேறு வகை, மாஸ்ஃபெட். நெட்லிஸ்டில் 'எம்' என்று தொடங்கும். அதற்கு அகலம், நீளம் இரண்டும் எழுதணும். மேலே 180 நானோமீட்டர் என்றேனே, அது ஏறக்குறைய இந்த நீளம்தான். தலைமுடித் தடிமனில் சுமார் 400-ல் ஒரு பங்கு! அகலம் 10 மைக்ரோமீட்டர் என்றால் '10யூ' என்று எழுதுவார்கள். அந்த 'யூ'வை மறந்துட்டா 10 மீட்டர் ஆகிவிடும். வகுப்பறையைவிடப் பெரிய டிரான்சிஸ்டர்! ஸ்பைஸ் அதையும் கணக்குப் போட்டு விடை கொடுத்துவிடும், பாவம்.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடிச்சது. வெப்பநிலையைச் சொல்லாவிட்டால் ஸ்பைஸ் 27 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். நம்ம ஊர் மே மாசத்தை அதுக்கு யார் சொல்றது? '.டெம்ப் 42' என்று நாமதான் எழுதணும். சூடு ஏறினால் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும்.

சில்லுக்கான ஜாதகத்தை எழுதுவது அதைச் செய்யும் தொழிற்சாலைதான். மாதிரி டிரான்சிஸ்டர்கள் செய்து, அளந்து, அதற்குப் பொருந்தும் எண்களைத் தருவார்கள். ஆனால் முழு நுண்செயலியையும் ஸ்பைஸில் ஓட்டினால் முடியவே முடியாது. சின்னச் சின்ன லாஜிக் கேட்டுகளை மட்டும் ஓட்டி, கிடைத்த வேகத்தை வைத்து மற்றதை வேறு மென்பொருளில் கணக்கிடுவார்கள்.

நமக்கும் வழி உண்டு. 'என்ஜிஸ்பைஸ்' இலவசம். ஐ.ஐ.டி. பம்பாய் தரும் 'ஈசிம்' மென்பொருளும் இலவசம். அதில் படம் வரைந்தாலே நெட்லிஸ்ட் வந்துவிடும்.

கேள்வி: பி.எஃப். 200, பேஸில் 10 மைக்ரோஆம்பியர். கலெக்டரில் அதிகபட்சம் எவ்வளவு?
(விடை: 2 மில்லிஆம்பியர்)

— ஒன்பதாம் வகுப்பு மாணவி