காதுக்கு ஏத்த புத்தகம் எது?

சங்கரன்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். போக, வர மூன்று மணி நேரம். நீங்களும் டே ஸ்காலரா இருந்தா இந்தக் கணக்கு உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் நான் கேட்பது ஆடியோ புக். கதை இல்லை, வரலாறும் அறிவியலும். 'சேப்பியன்ஸ்' ஆங்கில ஆடியோ சுமார் 15 மணி நேரம். அஞ்சு நாள் பஸ்ஸில் முடிஞ்சுடுச்சு. அச்சுப் புத்தகமா வாங்கியிருந்தா இன்னும் அலமாரியில்தான் இருந்திருக்கும்.

ஆனா எல்லாப் புத்தகமும் காதுக்கு ஒத்துவராது. இதைப் புரிஞ்சுக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

ஸ்டீபன் ஹாக்கிங் 1988-ல் எழுதிய 'எ ப்ரீஃப் ஹிஸ்டரி ஆஃப் டைம்' புத்தகத்தில் ஐன்ஸ்டீனோட ஒரே ஒரு சமன்பாடுதான் இருக்கு. அப்போ கேட்க ஈசியா இருக்கும்னு நினைச்சேன். ஒளிக்கூம்பு பற்றி வரும் இடத்தில் மாட்டிக்கிட்டேன். புத்தகத்தில் அதுக்குப் படம் போட்டிருக்கார். காதுக்குள்ள படம் வராதே! நாலு தடவை பின்னாடி தள்ளிக் கேட்டேன். பஸ் மானூர் தாண்டிடுச்சு, எனக்கு ஒண்ணும் புரியலை. ஆர். பாலகிருஷ்ணன் எழுதிய சிந்து முதல் வைகை வரையிலான ஆய்வு நூலும் இதே மாதிரிதான். அதில் வரைபடங்கள்தான் வாதத்தையே தாங்குது. அதைக் கையில் வச்சுத்தான் படிக்கணும்.

அப்போ அறிவியலே காதுக்கு ஆகாதா? ஆகும். பில் பிரைசன் 2003-ல் எழுதிய 'எ ஷார்ட் ஹிஸ்டரி ஆஃப் நியர்லி எவ்ரிதிங்' கேளுங்க. அதில் லெ ஜெந்தீல்னு ஒரு பிரெஞ்சு வானியலாளர் வருவார். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடப்பதை இந்தியாவிலிருந்து பார்க்கக் கிளம்புறார். 1761-ல் அது நடக்கும்போது அவர் நடுக்கடலில், ஆடுற கப்பலில் இருக்கார். சரியா அளக்க முடியலை. அடுத்த தடவைக்காக எட்டு வருஷம் காத்திருக்கார். 1769 ஜூனில், நம்ம புதுச்சேரியில், சரியா அந்த நேரம் பார்த்து மேகம் மறைச்சுடுது!

இந்த மனுஷனுக்காக வருத்தப்பட்ட பிறகு, எதுக்கு இவ்வளவு பாடுன்னு கேட்கத் தோணும். பூமியில் வெவ்வேறு இடங்களில் இருந்து அந்தக் கடப்பை அளந்தா சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்குன்னு கணக்குப் போடலாம். சுமார் 15 கோடி கிலோமீட்டர். ஸ்கூலில் மனப்பாடம் செஞ்சு மறந்த எண், இப்போ மறக்கவே இல்லை. ஆளும் இடமும் 'அடுத்து என்ன?'வும் இருந்தா, எண்ணும் கூடவே காதில் தங்கிடும். புத்தகத்தைத் தேர்வு செய்யும்போது நான் இப்போ பார்ப்பது இதைத்தான். உ.வே.சா.வோட 'என் சரித்திரம்' அப்படித்தான் கிடைச்சது.

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஒரு பக்கத்துக்கே மூச்சு வாங்கும். அதனால தமிழில் ஒரு முழுப் புத்தகமும் நான் முடிச்சதில்லை. 'என் சரித்திரம்' 1940-களின் தொடக்கத்தில் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. அத்தியாயங்கள் சின்னது, ஒவ்வொண்ணும் ஒரு உட்காரலில் சொல்லி முடிக்கிற மாதிரி இருக்கும். எழுத்துத் தமிழ்தான், ஆனா செய்தி வாசிப்பு மாதிரி விறைப்பா இருக்காது. ஒரு தாத்தா உட்கார்ந்து சொல்ற மாதிரியே இருக்கும். என் கண்ணுக்கு எட்டாதது காது வழியா உள்ளே வந்துச்சு.

ஒரு ராத்திரி ஹெட்செட்டில் சார்ஜ் இல்லாததால் ஸ்பீக்கரில் போட்டேன். ஆச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாங்க. அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்குப் புரியாத சொல்லுக்கு அவங்க அர்த்தம் சொன்னாங்க. அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடம் பற்றித் தாங்கள் கேள்விப்பட்டதையும் சேர்த்துச் சொன்னாங்க. இப்போ நான் பஸ்ஸில் தனியா அதைக் கேட்டா ஆச்சிக்குக் கோபம் வருது.

நீங்களும் ஒண்ணு செஞ்சு பாருங்க. வாங்குறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் மாதிரி கேளுங்க. அப்புறம் கேட்டதைப் பக்கத்து சீட் நண்பனுக்குச் சொல்லுங்க. சொல்ல வந்தா, அது காதுக்கான புத்தகம். வரலைன்னா, அது புத்தகத்தோட குற்றமும் இல்லை, உங்க குற்றமும் இல்லை. அதை லைப்ரரியில் எடுத்துக் கண்ணால் படிங்க.