வீட்டில் பவர் மெஷின் போடலாமா?



இராஜபாளையம் பக்கம் தளவாய்புரம், முகவூர் ஊர்களில் நைட்டி தைப்பது பெரிய தொழில் என்பது நமக்குத் தெரியும். அதைப் பார்த்து திருவண்ணாமலை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து அக்காமாரும், "குழுக்கடன் வாங்கி வீட்டிலேயே மெஷின் போட்டா என்ன?" என்று கேட்கிறீர்கள். போடலாம். ஆனால் மெஷின் விலையை மட்டும் விசாரித்துவிட்டு மனு எழுதாதீங்க.

ஒரு கணக்குப் போடுவோம். மெஷின், மோட்டார், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய் என்று வைப்போம். 12 சதவீத வட்டியில் 24 மாதத் தவணை என்றால் மாதம் சுமார் 1,180 ரூபாய் கட்டணும். ஒரு நைட்டிக்குக் கூலி 15 ரூபாய் என்று வையுங்கள். நாளைக்கு 8 பீஸ்தான் தைக்க முடிகிறது என்றால் 22 நாளுக்கு 2,640 ரூபாய். தவணை போக 1,460. நூல், ஊசி, எண்ணெய், கரண்டுக்கு 600 போனால் கையில் நிற்பது 860 ரூபாய்தான். அதே மெஷினில் 20 பீஸ் தைப்பவருக்கு வரவு 6,600. தவணை இருவருக்கும் ஒன்றுதான், கைவேகம்தான் வேறு. துணி வராத வாரத்திலும் தவணை நிற்காது.

கால்மெஷினில் ஜாக்கெட் தைத்த பழக்கம் மட்டும் போதாது. பவர் மெஷின் நிமிடத்துக்கு 5,000 தையல் வரை ஓடக்கூடியது. மிதியை லேசாக அழுத்திப் பழகாவிட்டால் துணி இழுத்துக்கொண்டு போகும், தையல் கோணும், பிரித்துத் தைத்தே பொழுது போய்விடும். கால்மெஷின் ஊசி இதில் சேராது. அடித்தட்டில் எண்ணெய் அளவு பார்க்காமல் ஓட்டினால் மெஷின் இறுகிவிடும். நூல் அறுந்தால் டென்ஷன் சரிசெய்யவும் தெரியணும். இதற்கெல்லாம் மெக்கானிக்கைக் கூப்பிட்டால் கூலி அவருக்கே போகும்.

அதனால் முதலில் தெரிந்த யூனிட்டில் ஒரு மாதம் பீஸ் ரேட்டுக்குத் தையுங்கள். தினமும் எத்தனை பீஸ், எத்தனை திரும்பி வந்தது என்று நோட்டில் எழுதுங்கள். மனுவோடு அந்த நோட்டையும் குழுவில் காட்டுங்கள். தையலே புதிது என்பவர்கள் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் விசாரிக்கலாம். அங்கே பயிற்சி இலவசம், சாப்பாடும் உண்டு.

வாங்கும்போது மோட்டாரைக் கவனியுங்கள். கிளட்ச் மோட்டார் விலை குறைவு, ஆனால் சுவிட்ச் போட்டதிலிருந்து சுற்றிக்கொண்டே இருக்கும், சத்தமும் அதிகம். சர்வோ மோட்டார் மிதித்தால்தான் சுற்றும், கரண்டு மிச்சம். பிள்ளைகள் படிக்கிற வீட்டுக்கு சர்வோதான் நல்லது. பழைய மெஷின் என்றால் உங்கள் துணியையே கொண்டுபோய் அரைமணி நேரம் தைத்துப் பார்த்து வாங்குங்கள்.

துணி தருபவரிடம் நூல் யார் செலவு, ஓவர்லாக் யார் அடிப்பது, கூலி எந்தக் கிழமை என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வீட்டு மீட்டரிலேயே ஓட்டலாமா என்று மின்வாரிய அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.